கிரேன் முனைப் பெட்டி

ஆல்டர் பே தொகுதியின் கடைசி வாக்குச்சாவடிக் கணக்கையும் எழுதி முடித்தபோது பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தின் கடிகாரம் பகல் பன்னிரண்டே காலைக் காட்டியது. ஐலி காங்கஸ் கூட்டலை மூன்றாம் முறையாகச் சரிபார்த்தாள். லியோனா பிரெசெட், நானூற்றுப் பன்னிரண்டு. வெண்டெல் டிரெம்பாத், நானூற்று மூன்று. மற்ற மூன்று பேர் மீதியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது வாக்கு வித்தியாசம்.

ஐலிக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த மாவட்டத்தின் பதிவு அலுவலர் அவள்தான். பிறப்பு, இறப்பு, கல்யாணம், நில எல்லை என்று எல்லாம் அவள் கையெழுத்தில்தான் நடக்கும். போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து, முதல் தடவையாக மாநிலத்துக்கு ஒரு சட்டசபை. அதற்கான தேர்தல் அதிகாரி வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. அதுவரை ஆட்சி செய்தது ராணுவத்தின் நெருக்கடிக் குழு. ரேஷனும் அதுதான், நீதிமன்றமும் அதுதான்.

நாற்பத்தொரு இடங்களில் நாற்பதின் முடிவு வந்துவிட்டதாகத் தலைநகர் இஷ்பெமிங்கிலிருந்து காலை முதல் வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. நெருக்கடிக் குழுவே தொடரட்டும் என்ற ஒழுங்குக் கட்சிக்கு இருபது. ஒன்றியக் கட்சிக்கு எட்டு, ஏரிக் கட்சிக்கு ஆறு, சுரங்கத் தொழிலாளர் கட்சிக்கு நான்கு, தேவாலயச் சபைக்காரர்களுக்கு இரண்டு. இந்த நாலு கட்சிக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. ராணுவ ஆட்சி முடிய வேண்டும் என்பதில் மட்டும் ஒரே பேச்சு. அவர்களும் கூட்டினால் இருபது. ஆக மொத்த மாநிலமும் ஆல்டர் பேயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கையெழுத்தப் போடு ஐலி," என்றாள் லியோனா. ஒன்றியக் கட்சி வேட்பாளர். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பதினெட்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். போருக்குப் பிந்திய முதல் குளிர்காலத்தில் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் விறகு வைத்து, ஒரே போர்வையில் படுத்து உயிர் பிழைத்தவர்கள்.

"இன்னும் ஒரு பெட்டி வரணும்."

"எந்தப் பெட்டி?"

"கிரேன் முனை."

சுரங்கக் கட்சியின் முகவர் டுவைட் புரூயிட் சிரித்துவிட்டான். "கோட்டுக்கு அந்தப் பக்கத்துலருந்தா? அவங்களுக்கு ஓட்டு குடுத்ததே பெருசு. அதை வேற இங்க கொண்டு வரப் போறீங்களா?"

ஏரிக்கரையில் பதினோரு மைல் தள்ளி, மஞ்சள் பூசிய எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி ராணுவம் கோடு போட்டிருந்தது. அதற்கு அப்பால் போரில் விஷச் சாம்பல் விழுந்த பூமி. எல்லோரையும் கிளப்பியபோதும் கிளம்பாத சில குடும்பங்கள் கிரேன் முனையில் இருந்தன. வாக்காளர் அறுபத்து நாலு பேர். ஜூலை மாதம் ஐலி படகில் போய், பீப்பாய்களுக்கு இந்தப் பக்கம் நின்று, அவர்கள் அந்தப் பக்கமிருந்து கத்திய பெயர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் பேச்சு வரவில்லை.

வெண்டெல் டிரெம்பாத் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செம்புச் சுரங்கத்தின் பழைய மேலாளர், ஒழுங்குக் கட்சி வேட்பாளர். தோற்றுவிட்டோம் என்பதை அவர் முகம் ஏற்றுக்கொண்டிருந்தது.

"ஐலி, அவங்களை வேலிக்குள்ள அடைச்சு வச்சதே எங்க ஆளுங்கதான்," என்றார். "அந்த அறுபத்து நாலும் லியோனாவுக்குத்தான் விழும். ஒன்பதுல தோத்தா என்ன, எழுபதுல தோத்தா என்ன? எதுக்கு விஷத்தை ஊருக்குள்ள கொண்டு வரணும்? முடிச்சுடுங்க."

"கேட்டியா, அவரே சொல்றாரு," என்றாள் லியோனா.

"கேட்டேன். பட்டியல்ல பேர் இருக்கு, பெட்டி வந்துக்கிட்டு இருக்கு. நாலு மணிக்குள்ள வந்தா எண்ணணும்," என்று சொல்லிவிட்டு ஐலி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

படகுத்துறைக்கு அவள் போய்ச் சேருவதற்குள் அவளுக்கு முன்னால் ராணுவம் போயிருந்தது. பனியும் மழையும் கலந்து சாய்வாக அடித்தது. துறையின் நடுவில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஏழெட்டு சிப்பாய்கள், ஒரு காலிப் பீப்பாய், பக்கத்தில் மண்ணெண்ணெய் டின். அந்தப் பக்கம், துறையின் நுனியில் ஒரு மீன்பிடிப் படகு ஆடிக்கொண்டிருந்தது. அதில் கிழவர் ஆர்விட் சிமோலா மடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கிரேன் முனையின் வாக்குச்சாவடிக்கு அவர்தான் பொறுப்பு.

"மன்னிக்கணும் மேடம்," என்றான் கேப்டன் ஸ்லோகம். முப்பது வயதுகூட இருக்காது, பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. "கோட்டைத் தாண்டி வர்ற பொருளை எரிச்சிடணும். சுகாதார உத்தரவு."

"அளந்து பாத்தீங்களா?"

ஒரு சிப்பாய் நீளக் கழியின் முனையில் கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் நீட்டியிருந்தான். அது எப்போதோ ஒரு முறை சோம்பலாக டிக் என்றது. ஐலி வீட்டுச் சமையலறையில் வைத்தாலும் அவ்வளவு சத்தம் வரும்.

"அளவு குறைவுதான். ஆனா உத்தரவுல அளவு பத்தி ஒண்ணும் போடல," என்றான் கேப்டன்.

"உன் உத்தரவுக்கும் என் பொண்டாட்டிக்கும் ஒரே குணம்பா," என்று படகிலிருந்து ஆர்விட் கத்தினார். "சொன்னது சொன்னதுதான், ஏன்னு கேக்கக் கூடாது. ஐலிம்மா, நான் இந்தப் பெட்டியை விட மாட்டேன். எரிக்கிறதுன்னா என்னையும் சேத்துத்தான் பீப்பாய்ல போடணும். நான் கொஞ்சம் ஈரமா இருக்கேன், நேரம் புடிக்கும்."

ஐலி பையிலிருந்து தேர்தல் விதிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். பக்கங்கள் நனைந்தன. "பெட்டி தேர்தல் அதிகாரி கையில் சேரும் இடத்திலேயே, முகவர்கள் பார்க்கும்படி எண்ணலாம்னு இருக்கு. ஊருக்குள்ள கொண்டு வரணும்னு இல்ல. நான் அந்தப் பக்கம் போறேன்."

"கயித்தைத் தாண்டினா ஏழு நாள் உங்களைத் திருப்பி விட மாட்டேன் மேடம். கழுவு கொட்டகையில தனியா இருக்கணும். கோட்டு, பூட்ஸ் எல்லாம் எரிச்சிடுவோம்."

"இது நல்ல கோட்டு," என்றாள் ஐலி. பிறகு குனிந்து கயிற்றைத் தாண்டினாள்.

ஒரு சிப்பாய் துப்பாக்கியை அரைகுறையாக உயர்த்திவிட்டுக் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை இறக்கும்படி கைகாட்டினான். அவள் துறையின் பலகைகள் மேல் நடந்து போனாள். முதுகில் எந்த இடத்தில் குண்டு படும் என்று உடம்பு தானாகவே கணக்குப் போட்டது. முப்பத்தாறு அடி. நுனியில் மீன் அறுக்கும் மேசை ஒன்று இருந்தது. ஆர்விட் பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டுத் திரும்பப் படகில் ஏறிக்கொண்டார்.

அதற்குள் ஊரில் பாதி துறைக்கு வந்துவிட்டது. மீனவர்களிடம் இரண்டு தொலைநோக்கிகள் கிடைத்தன. ஒன்றை டிரெம்பாத் வாங்கிக்கொண்டார், இன்னொன்று லியோனா கையில். ஐலி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும், லியோனா பெயரைப் படித்துச் சொல்ல வேண்டும், டிரெம்பாத் ஆமோதிக்க வேண்டும், தந்தி அலுவலகத்துப் பெண் எழுதிக்கொள்ள வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஐலி முத்திரையை உடைத்தாள். விரல்கள் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தன. முதல் சீட்டைத் தூக்கினாள்.

"டிரெம்பாத்," என்று படித்தாள் லியோனா. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "பாவம், கண்ணு தெரியாத கிழவி யாரோ."

இரண்டாவது ஏரிக் கட்சி. மூன்றாவது டிரெம்பாத். நான்காவதும் ஐந்தாவதும் டிரெம்பாத். ஆறாவது லியோனாவுக்கு, அதைப் படித்தபோது அவள் குரலில் நிம்மதி தெரிந்தது. அதன் பிறகு தொடர்ந்து நான்கு டிரெம்பாத்துக்கு.

சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை. பதினைந்தாவது சீட்டில் யாரோ "என்னய்யா இது" என்று மெதுவாகச் சொன்னது துறையின் நுனி வரைக்கும் கேட்டது. ஐலிக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. ஒன்பது என்ற எண் அவள் தலைக்குள் தானாகவே எட்டாகி, ஏழாகி, நாலாகி, இரண்டாகித் தேய்ந்துகொண்டிருந்தது. அவளும் லியோனாவுக்குத்தான் வாக்களித்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை, லியோனாவிடம்கூட. சொல்லாமலேயே லியோனாவுக்குத் தெரியும்.

இருபத்து மூன்றாவது சீட்டில் இரண்டு பேரும் சமம். இருபத்து நாலாவதைத் தூக்கினாள். காற்றில் அது படபடத்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

லியோனா படிக்கவில்லை. தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவும் இல்லை.

"லியோனா, படி," என்று ஐலி கத்தினாள்.

"டிரெம்பாத்," என்றார் டிரெம்பாத், தன் பெயரைத் தானே சொல்லக் கூச்சப்படுகிற மாதிரி.

அப்போதுதான் ஐலி இன்னொன்றைக் கவனித்தாள். கேப்டன் ஸ்லோகம் கையசைத்தான். சிப்பாய்கள் இருவர் மண்ணெண்ணெய் டின்னையும் பீப்பாயையும் பின்னால் நகர்த்தினார்கள். மற்றவர்கள் அதுவரை ஏரியைப் பார்த்து நின்றவர்கள், திரும்பி ஊரைப் பார்த்து நின்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் எரிக்க வந்த பெட்டிக்கு இப்போது அவர்களே காவல்.

"பெட்டி செல்லாது," என்று கத்தினான் டுவைட் புரூயிட். "விஷம் ஏறின பெட்டி. கேப்டனே சொன்னாரு, எரிக்கணும்னு. எங்கய்யா உன் உத்தரவு இப்போ? சட்டைப் பையில மடிச்சு வச்சிட்டியா?"

பத்துப் பதினைந்து பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். நகர்த்தப்பட்ட டின்னை டுவைட் எட்டிப் பிடுங்கிக்கொண்டான். ஒரு சிப்பாய் அவன் சட்டையைப் பிடிக்க, தையல் கிழிந்தது. டுவைட் கயிறு வரை ஓடி வந்துவிட்டான். ஆறு துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. பனிமழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஐலி எண்ணிய சீட்டுகள் மேல் ஒரு கையையும் எண்ணாதவை மேல் ஒரு கையையும் அழுத்தி வைத்துக்கொண்டாள். லியோனாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், டுவைட் அவள் பேச்சைக் கேட்பான். லியோனா தொலைநோக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை.

"டுவைட்," என்றாள் ஐலி. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "குழந்தை பொறந்து எத்தனை நாள் ஆச்சு?"

அவன் திகைத்தான். "என்ன?"

"செவ்வாய்க்கிழமை பொறந்தது. நான்தான் பதிவு பண்ணினேன். ஆறு பவுண்டு, பேரு இன்னும் வைக்கல. இன்னிக்கோட அஞ்சு நாள். கயித்தைத் தாண்டி இங்க வந்தா ஏழு நாள் என்கூடக் கொட்டகையில கிடப்பே. நான் குறட்டை விடுவேன். உன் பொண்டாட்டி ஒத்தையா என்ன பண்ணுவா? அதுவும் இவங்க உன்னைச் சுடாம விட்டாத்தான்."

டுவைட் டின்னை இறுக்கிப் பிடித்தான். "அவங்க மறுபடியும் ஒன்பது வருஷம் உக்காருவாங்க ஐலி. உங்களுக்குத் தெரியாதா? எங்க அண்ணனை எதுக்குப் புடிச்சிட்டுப் போனாங்கன்னு இன்னி வரைக்கும் சொல்லல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எண்ணுறீங்க?"

"ஆமா," என்றாள் ஐலி.

டின்னைக் கீழே வைக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. வைத்தான். சிப்பாய்கள் அவன் கையைப் பின்னால் முறுக்கினார்கள். டிரெம்பாத் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "விடுங்க அவனை. கேப்டன், அவனை விடச் சொல்லுங்க. இவனை உள்ள வச்சிட்டு ஜெயிச்சேன்னு பேர் வாங்க நான் தயாரா இல்ல." கேப்டன் யோசித்துவிட்டுத் தலையசைத்தான்.

மீதி நாற்பது சீட்டையும் டிரெம்பாத்தே படித்தார். லியோனா ஒவ்வொன்றையும் பார்த்து, சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். முடிவில் கிரேன் முனையின் அறுபத்து நாலு வாக்குகளில் டிரெம்பாத்துக்கு முப்பத்தெட்டு, லியோனாவுக்கு ஏழு. ஆல்டர் பேயை டிரெம்பாத் இருபத்து இரண்டு வாக்கில் ஜெயித்திருந்தார்.

மூன்று மணி ஆகியிருந்தது. லியோனா கயிற்றின் ஓரம் வரை வந்து நின்றாள், ஐலியும் கயிற்றருகே போனாள். அவள் பேசியது ஐலிக்கு மட்டும் கேட்டது.

"வெளியில வச்சு எண்ணினது, மழையில நனைஞ்சது, கோட்டுக்கு அப்பாலிருந்து வந்தது. இதுல எதையாவது ஒண்ணை எழுதி, பெட்டி செல்லாதுன்னு போடு. யாரும் கேள்வி கேக்க முடியாது. ஒரு வரி, ஐலி."

"மத்தியானம் அதே வரியைக் கேப்டன் சொன்னப்ப நான் கேக்கல. இப்ப நீ சொல்றேன்னு எப்படிக் கேப்பேன்?"

"அவனும் நானும் ஒண்ணா?"

"இல்ல. அதனாலதான் கஷ்டமா இருக்கு."

லியோனாவின் கண் சிவந்திருந்தது. "நீ வாயை மூடிக்கிட்டுப் பன்னெண்டே காலுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். உன்னை யாரு கேட்டா?"

அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். ஐலி மேசைக்குத் திரும்பி, நனைந்த தாளில் எண்களை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். பென்சில் என்பதால் எழுத்து கரையவில்லை. பிறகு எண்களை ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னாள். தந்திப் பெண் எழுதிக்கொண்டு ஓடினாள்.

ஆர்விட் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஆர்விட்?" என்று கேட்டாள் ஐலி. "வேலி போட்டவங்களுக்கே போட்டிருக்கீங்களே."

கிழவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் சிநேகிதி நல்ல பொண்ணு. வானொலியில அவ பேசினதை எல்லாரும் கேட்டோம். ஜெயிச்சதும் எங்களைக் கூட்டிட்டு வந்து, ஊருக்குள்ள நல்ல வீடு குடுத்து, வைத்தியம் பாப்பேன்னா. நல்ல மனசோடதான் சொன்னா. ஆனா எங்களுக்கு அங்கருந்து வர வேணாம்மா. என் பையன் அங்கதான் கிடக்கான், சர்ச்சுக்குப் பின்னாடி. டிரெம்பாத் என்ன சொன்னான்? உங்களை யாரும் கிளப்ப மாட்டாங்க, மாவுப் படகு மாசா மாசம் வரும்னான். அவ்வளவுதான். வீட்டுலயே இருக்கிறதுக்கு ஓட்டுப் போட்டோம்."

"அதை லியோனாகிட்ட யாரும் சொல்லலையா?"

"அவ எங்கம்மா வந்து கேட்டா?" என்று சொல்லிவிட்டு அவர் இயந்திரத்தைக் கிளப்பினார். மீனெண்ணெய்ப் புகை எழுந்து மழையில் அமுங்கியது.

கழுவு கொட்டகையில் ஐலியின் கோட்டும் பூட்ஸும் எரிந்தன. தலைமுடியைக் காதளவுக்கு வெட்டினார்கள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சிப்பாய் ஒருவன் கொடுத்த சின்ன வானொலி. வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு ஆட்கள் போவார்கள். இரண்டு நாள் கதவில் யாரோ முட்டை வீசினார்கள். ரேஷன் முட்டையை வீணாக்கும் அளவுக்குக் கோபம் என்று அவள் புரிந்துகொண்டாள்.

நான்காம் நாள் பிற்பகல் இஷ்பெமிங்கில் சட்டசபை கூடியது. நெருக்கடிச் சட்டத்தை இரண்டு வருடம் நீட்டிக்கும் தீர்மானம் இருபத்தொன்றுக்கு இருபது என்று நிறைவேறியது. டிரெம்பாத்தும் கை தூக்கியிருந்தார். அதற்கு அடுத்த தீர்மானம், கைதானவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட வேண்டும் என்று சுரங்கக் கட்சி கொண்டுவந்தது. அதிலும் டிரெம்பாத் கை தூக்கினார், இம்முறை தன் கட்சிக்கு எதிராக. அதுவும் இருபத்தொன்றுக்கு இருபது என்று நிறைவேறியது. அறிவிப்பாளர் எண்ணிக்கையை இரண்டு முறை படித்தார், நம்ப முடியாமல். ஐலி அடுப்பின் முன் உட்கார்ந்து அழுதாள். எதற்கு என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

ஆறாம் நாள் காலையில் கதவை யாரோ தட்டினார்கள். சாப்பாட்டு நேரம் இல்லை.

"நான்தான்," என்றாள் லியோனா வெளியிலிருந்து. "திறக்காதே. திறந்தா நானும் உன்கூட மாட்டிக்குவேன். உன் மூஞ்சியைப் பாக்க நான் இன்னும் தயாராகல."

"முடியை வெட்டிட்டாங்க. பாத்தா சிரிப்பே."

"சிரிக்கவும் தயாரா இல்ல."

வெளியே லியோனா வாசற்படியில் உட்காரும் சத்தம் கேட்டது.

"துறையில டுவைட் டின்னைத் தூக்கிட்டு வந்தப்ப நான் வாயைத் திறக்கல," என்றாள் லியோனா. "அவன் ஊத்தட்டும்னுதான் நினைச்சேன். உன்மேலயும் விழும்னு தெரிஞ்சே நினைச்சேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஐலி கதவில் நெற்றியை வைத்தாள். "பாத்தேன்."

"தெரியும் நீ பாத்தேன்னு." லியோனா தொண்டையைச் செருமினாள். "அந்த ஏழு பேரு யாரு? எனக்குப் போட்டவங்க."

"ரகசிய வாக்கு, லியோனா. எனக்கே தெரியாது."

"சரி, அறுபத்து நாலு பேரோட பட்டியலைக் குடு. அது ரகசியம் இல்லல்ல. ஆர்விட் கிட்டச் சொல்லி வச்சிருக்கேன், அடுத்த வெள்ளிக்கிழமை படகு எடுத்துட்டு வர்றாரு, நான் அங்க போறேன். திரும்பி வந்தா எனக்கும் ஏழு நாள் இந்தக் கொட்டகைதான். பரவால்ல."

"பட்டியல் என் அலுவலகத்துல, இடது பக்க அலமாரியில இருக்கு. சாவி டெஸ்க்ல. சிமோலான்னு நாலு வீடு இருக்கு, குழப்பிக்காதே. மார்த்தா சிமோலாவுக்குக் காது கேக்காது. பக்கத்துல போய்க் கத்தணும்."

"எவ்வளவு பக்கத்துல?"

"நான் பீப்பாய்க்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன்," என்றாள் ஐலி. "எனக்குத் தெரியல."